மெஷின் வாங்கப் போகிற மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். பெங்களூரில் நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள். புது வீட்டுக்கு ரோபோ வேக்குவம் வாங்கலாமா, பாளையங்கோட்டை வீட்டில் ஓடுகிறதே அது எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. வராவிட்டாலும் 'சரிம்மா, சரிம்மா' என்று கேட்டுக்கொண்டே தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்து ஆர்டர் போட்டிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாங்கு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்க என்னால் முடிகிறதில்லை. அந்த இடத்தில் இப்போது தூசி இல்லை. அது ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். வீட்டை மெஷின் பெருக்கும், சரி. மெஷினை யார் பார்த்துக்கொள்வது?

சிரிக்காதே. அப்பா இதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார். வருவதற்கு முன்பே வழியில் கிடப்பதையெல்லாம் நாம் ஒதுக்கி வைக்க வேண்டும். எங்காவது கால் மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுக்கும், நாம் ஓட வேண்டும். சுற்றி முடித்ததும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நடக்கிற உபசாரமெல்லாம் நம் பொறுப்பு. (தாத்தா வீட்டில் அப்பா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

ஓட விடுவதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். சார்ஜர் வயர், மெல்லிசான கால்மிதி, கட்டிலில் இருந்து தொங்கும் போர்வை நுனி, பாயின் ஓரம், காலுறை, எல்லாம் அதற்கு எமன். வயர் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளைத் தூக்கி வைத்தால் அடியில் ஒழுங்காகப் பெருக்கும், வைக்காவிட்டால் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்து பாட்டரியைத் தீர்க்கும். ஓடி முடித்த பின் டப்பாவைக் காலி பண்ண வேண்டும். தானே உறிஞ்சிக் காலி செய்துகொள்ளும் பெரிய ஸ்டாண்டோடு வருகிற மாடலும் இருக்கிறது. விலை கூட, அதற்குப் பையும் மாற்ற வேண்டும், உறிஞ்சும்போது போடுகிற சத்தத்தில் அடுத்த பிளாட்காரர் எழுந்துவிடுவார்.

ஃபில்டரைத் தட்டித் தூசியை எடு. கழுவக்கூடிய ஃபில்டர்தானா என்று புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கழுவு. கழுவினால் ஒரு முழு நாள் காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி களிமண்ணாக அப்பிக்கொள்ளும், நாற்றமும் வரும். விபூதி, கோலப்பொடி மாதிரி மாவுத் தூசிதான் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கிறது. அதனால் போன் ஆப்பில் தெரிகிற வீட்டு வரைபடத்தில் பூஜை அறைக்கும் வாசலுக்கும் கோடு போட்டு, மெஷினைப் போக விடாமல் வைத்திருக்கிறோம். அங்கே பழைய துடைப்பம்தான்.

பெரிய வேலை முடி. உன் வீட்டிலும் நீளமான கூந்தல்காரி இருக்கிறாள். கீழே சுழலும் உருளையில் முடி சுற்றும், அது கண்ணுக்குத் தெரியும். உருளையின் இரண்டு முனையிலும் மூடிக்குள்ளே போய் இறுகுவதுதான் தெரியாது. அதைக் கழற்றி, கத்தரிக்கோலால் வெட்டி, இழுத்து எடுக்க வேண்டும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தையும் பிடுங்கிப் பார், அதன் அச்சிலும் இருக்கும். எங்கள் வீட்டில் மல்லிகைப்பூ கட்டிய நூலும் சேர்ந்துகொள்ளும். மயிர்ப் பிரஷ்ஷைவிட ரப்பர் உருளை உள்ள மாடலில் சிக்கு குறைவு, அதையே பார்த்து வாங்கு.

இந்த வேலை அத்தனையும் உன்னுடையது. அவளுடையது இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நம் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு மெஷினையும் ஆண்பிள்ளைதான் வாங்கிக்கொண்டு வந்தார். கிரைண்டர் வந்தபோது தாத்தா ஆச்சியிடம் 'இனிமேல் உனக்கு என்ன வேலை' என்று கேட்டாராம். மாவை வழித்து, குழவியைக் கழுவி, கல்லைத் துடைத்து வைத்தது யார்? வாஷிங் மெஷின் வந்தபோதும் அதே கதைதான். துணி துவைப்பது நின்றது, காயப்போட்டு மடித்து அடுக்குவது நிற்கவில்லை. 'வீட்டில் மெஷின் இருக்கிறதே' என்று ஒரு வார்த்தையும் கூடச் சேர்ந்தது. உன் வீட்டில் அந்த வார்த்தை வரக்கூடாது. முடி அவளுடையதாக இருக்கலாம், கத்தரிக்கோல் உன் கையில் இருக்கட்டும்.

இனி, இத்தனை வருஷம் பிசிக்ஸ் எடுத்தவள் ஆசைக்குக் கொஞ்சம். 2001இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 'ட்ரைலோபைட்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஐரோபாட் கம்பெனியின் 'ரூம்பா' வந்தது. அந்தப் பழைய ரூம்பாவுக்கு வரைபடம் எல்லாம் கிடையாது. போய் முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் எப்படியும் பெரும்பாலான தரையைத் தொட்டுவிடும் என்பதுதான் கணக்கு. இப்போது வருவனவற்றில் பலவற்றுக்குத் தலையில் ஒரு குமிழ் இருக்கிறது, அதுதான் லைடார். லேசர் ஒளியைச் சுற்றிலும் அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்துச் சுவர் எவ்வளவு தூரம் என்று கணக்கிடும். அதிலிருந்து வீட்டு வரைபடம் போட்டு, நெசவு மாதிரி வரிசை வரிசையாகப் போகும்.

ஒளியை நம்பி நடப்பதால் ஒளி ஏமாற்றுகிற இடத்தில் அதுவும் ஏமாறும். பால்காய்ச்ச வந்தபோது உங்கள் படுக்கையறையில் தரைவரைக்கும் கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று பார்த்தேன். லேசர் அதில் பட்டுத் தெறித்தால், கண்ணாடிக்குள்ளே இன்னொரு அறை இருப்பதாக மெஷின் வரைந்துவிடும். வீட்டில் இல்லாத அறையை வரைபடத்தில் பார்த்து நீ பயப்படாதே. அந்த இடத்திலும் ஆப்பில் கோடு போட்டுவிடு. அல்லது கண்ணாடியின் அடியில், லைடார் உயரத்துக்கு ஒரு பட்டை ஸ்டிக்கர் ஒட்டிவிடு.

அடுத்தது கறுப்பு கிரானைட். உங்கள் சமையலறை வாசலிலும் பால்கனி ஓரத்திலும் போட்டிருக்கிறார்கள். மெஷினுக்கு அடியில், படிக்கட்டில் உருண்டு விழாமல் இருக்க, சின்னச் சின்ன சென்சார்கள் இருக்கும். அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பும். தரை இருந்தால் ஒளி திரும்பும், பள்ளமாக இருந்தால் திரும்பாது, உடனே மெஷின் பின்வாங்கும். கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் சில மெஷின்கள் அதையும் பள்ளம் என்றே நினைக்கும். நம் வீட்டு மொசைக் தரையில் ஜோராக ஓடுவது, சமையலறை நிலையில் இருக்கும் கறுப்புக் கல்லைக் கண்டதும் திரும்பிவிடுகிறது. சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினால் தாண்டும் என்று அப்பாவுக்கு ஒரு நண்பர் யோசனை சொன்னார். தாண்டும். மாடிப்படியையும் தாண்டும். நான் ஒட்ட விடவில்லை.

துடைக்கிற விஷயத்தில் ரொம்ப எதிர்பார்க்காதே. மெஷின் நாலைந்து கிலோ இருந்தால் அதிகம். ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போகும், தினசரித் தூசிப் படலம் போகும், கால் தடம் போகும். அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு போகாது, காய்ந்த சாம்பார்ச் சொட்டு போகாது. வட்டமாக இருப்பதால் மூலை முழுசாக எட்டாது. கடுகு, உளுந்து கொட்டினால் பக்கவாட்டில் சுழலும் பிரஷ் அதை நாலு பக்கமும் தெறிக்க விட்டுவிட்டுத்தான் உறிஞ்சும், ஆகவே அதை நீயே கூட்டிவிடு. தயிர் கொட்டின இடத்தில் மட்டும் தயவுசெய்து ஓட விடாதே.

தண்ணீர்த் தொட்டியில் பினாயில் ஊற்றாதே. உள்ளே இருக்கிற குழாய் மெல்லிசு. வெள்ளிக்கிழமை நான் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் துடைப்பேனே, அதுவும் இதில் ஆகாது, உப்பு படிந்து அடைத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், குடிக்கிற தண்ணீரையே ஊற்று. ஓடி முடித்ததும் துணியைக் கழற்றி அலசி வெயிலில் போடு. ஈரத்தோடு விட்டால் மறுநாள் வீடு முழுக்க ஊறின துணி வாடைதான்.

கேமரா வைத்த மாடல் பற்றி மருமகள் கேட்டாளாம். வயர், செருப்பு எல்லாம் அடையாளம் கண்டு விலகிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. சோதனைக்காக வீடுகளில் ஓட விட்ட ரூம்பாக்கள் 2020இல் எடுத்த படங்கள், கழிவறையில் ஒரு பெண் இருந்த படம் உட்பட, இணையத்தில் வெளியே போயிருந்தன. கடையில் விற்ற மெஷின் இல்லை, சம்மதம் எழுதிக் கொடுத்தவர்களிடம் ஓடிய சோதனை மெஷின்தான் என்று கம்பெனி சொன்னது. கம்ப்யூட்டருக்குப் பொருள்களை அடையாளம் சொல்லிக் கொடுக்க, படங்களுக்குப் பெயர் குறிக்கிற ஆட்கள் கையில் அந்தப் படங்கள் போய், அங்கிருந்து கசிந்திருக்கின்றன. இருந்தாலும் என் மனசுக்கு ஒப்பவில்லை. படுக்கையறைக்குள் போகிற ஒன்றுக்குக் கண் எதற்கு? லைடார் மட்டும் உள்ளதை வாங்கினால் போதும். உங்கள் விருப்பம்.

இன்னொன்று. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை நிறுத்திவிடலாம் என்று நீ கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு தப்பு. பாத்திரம், பாத்ரூம், ஜன்னல், ஒட்டடை எதையும் இது செய்யாது. இங்கே நம் அக்காவுக்குப் பெருக்குகிற வேலை குறைந்தது, சம்பளம் குறையவில்லை. மிச்ச நேரத்தில் பரண் சாமான்களை இறக்கித் துடைத்துத் தந்தாள். மெஷின் பேரில் அவளுக்கு இன்னும் மரியாதை வரவில்லை, அது வேறு விஷயம்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் டேப் எடுத்து மூன்று இடம் அள. சோபாவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார், பத்து சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் லைடார் குமிழ் இடிக்கும். அறைகளுக்கு நடுவே உள்ள படி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பல மாடல்கள் ஏறாது, நீதான் தூக்கி வைக்க வேண்டும். சார்ஜ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒன்றரை மீட்டராவது வெறும் தரை இருக்கிறதா என்றும் பார். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். பல மெஷின்களுக்கு 5 பிடிக்காதாம். அளவுகளை அனுப்பு, இரண்டு பேரும் பார்த்துச் சொல்கிறோம்.

நார்த்தங்காய் ஊறுகாயும் மிளகாய் வற்றலும் கூரியரில் போட்டிருக்கிறேன். ஊறுகாய் அவளுக்கு. கூடவே ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும், அது உனக்கு.

அன்புடன்,
அம்மா