2024–2025 ஆண்டறிக்கை: பொதுக்கூட்டத்தில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும், வெயில் ஏறுமுன் வந்து பாயில் இடம்பிடித்த பெரியவர்களுக்கும், மற்ற அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய நம் ஊர்ச் சங்கத்தின் விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் கூட்டம் 12 தடவை கூட்டப்பட்டது, 9 தடவைதான் நடந்தது. மற்ற 3 தடவையும் ஆள் சேரவில்லை. அதில் ஒன்று நெல்லுவெட்டு நேரம், சரி. மற்ற இரண்டுக்கும் காரணம் தெரியும், இங்கே வாசிக்க விரும்பவில்லை. மரண உதவி 5 வீடுகளுக்குக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. நம்முடையது மேட்டுக்காணி. வாய்க்கால் தண்ணீர் இங்கே ஏறாது, அதனால்தான் கூலிக்கு வந்த நமக்கு இது கிடைத்தது. 40 வருடமாக இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறோம். அந்த நான்கு நாளும் கீழே வயல்காரர் 14 குடும்பம் நம் மண்டபத்தில்தான் படுத்தார்கள். மாதர் சங்கத்தினர் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கீழூர்ப் பெண்கள் அடுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டு புட்டு அவித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பெரிய அண்டாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஆண்டு சங்கத்தை உண்மையில் ஆட்டியது குடிசன மதிப்பீடுதான். கணக்கெடுக்க வந்த தம்பி கையில் டப் என்ற தொடுதிரைக் கணினியுடன் வீடு வீடாக ஏறினார். இனம் என்ற கேள்வி வந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அரைமணி நேரம் போனது. இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழர் அல்லது மலையகத் தமிழரா? இந்த இரண்டு கட்டங்களும் 1911 கணக்கெடுப்பிலேயே பிரிந்தவை. மலையகம் என்ற சொல்தான் அதற்குள் புதிதாக வந்திருக்கிறது.

நான் நேரில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்த அம்மாயி பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு ஓவல்டின் டின்னை எடுத்துவந்தார். மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பினார். உள்ளே பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை. மலையகத்தில் புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் பதிந்த பிறப்புத் துண்டு. அவருடைய அப்பா 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்டு, இல்லையென்று வந்த கடிதம். கொழுந்தனார் தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து போட்ட இரண்டு கடிதங்கள். கடைசியாகத் தன்னுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் பிரஜாவுரிமையில்லாத நம் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்தப் பங்கில் கொழுந்தனார் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அவரைச் சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இந்த அம்மா 1977 கலவரத்தில் லொறியேறி வவுனியா வந்து, அப்புறம் கிளிநொச்சி. இங்கே இவர் இந்தியாக்காரி. 2009 இல் கடைசி யுத்தத்தில் அந்த டின் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், மெனிக்பாம் அகதி முகாமில் ஒரு வருடம் இருந்து திரும்பியது. நகை போனது, மூத்த மகன் போனான், டின் வந்தது.

“எல்லாத்தையும் எழுதிக்கங்க தம்பி” என்றார். டப்பில் ஒரு கட்டத்தில்தான் அமுக்க முடியும். அவர் மலையகம் என்றார். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்த இளைய மகன் இலங்கைத் தமிழர் என்றான். முள்ளியவளையில் கலியாணம் கட்டியிருக்கும் பேத்தி, தன் பிள்ளைக்கு எதைப் போடுவது என்று என்னைக் கேட்டாள். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

இதற்காகவே ஒரு விசேட கூட்டம் போட்டோம். பிரிந்து பதிந்தால் காணிக் கச்சேரியில், அதாவது அரச காணி பகிரும் விசாரணையில், நம்மைத் தனியாக ஒதுக்குவார்கள் என்றார்கள் சிலர். 2012 கணக்கெடுப்பில் நானும் அந்தப் பயத்தில்தான் இலங்கைத் தமிழர் என்று பதிந்தேன். இந்த முறை மாற்றிக்கொண்டேன். சங்கம் யாருக்கும் இப்படிப் பதி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. என் கருத்தைக் கேட்டால், வன்னியில் இருக்க வன்னிக்காரராக மாறவேண்டும் என்று எந்தக் காணிப் பேர்மிட்டிலும் எழுதியில்லை. காடு வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. வெட்டினோம்.

பள்ளிக்கூட விடயம் ஒன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை தேநீரை நம் வழக்கப்படி “சாயத்தண்ணி” என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்து, ஒருவன் “தோட்டக்காட்டான்” என்றிருக்கிறான். அதிபரைக் கண்டு பேசினோம், முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் “வாங்கோ, தேத்தண்ணி”, வீட்டில் “வாங்க, சாயத்தண்ணி” என்று இரண்டாகப் பேசுகிறது. அது கெட்டித்தனமா காயமா என்று தாய்க்கே தெரியவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி நாம் வேலியோரம் பேசுவதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மன்மதன், ரதி கதையை ஆடும் நம் காமன் கூத்தை யுத்தத்துக்குப் பிறகு இந்த மாசியில்தான் முதல் தடவை ஆடினோம். அமாவாசை கழித்து மூன்றாம் நாள் காமன் ஊன்றினோம். பௌர்ணமிவரை ஆடவேண்டியது, அறுவடை நேரமாதலால் மூன்று இரவுடன் நிறுத்திக்கொண்டோம். சிக்கல் தப்பு என்ற பறையில் வந்தது. அதைத் தோளில் போட்டால் என்ன சாதி என்று கேட்பார்கள் என்று இளைஞர்கள் தொட மறுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. நம் பெரியவர்கள்தான் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கூத்துடன் அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டி வந்தவர்கள். இரண்டு இரவு சண்டை. கடைசியில் வீட்டுக்கொருவர் முறைவைத்து அடிப்பது என்று தீர்மானம். முதல் முறை தலைவருடையது. அவர் அடித்த அடிக்கு ரதி தடுமாறி நின்றதை எல்லாரும் பார்த்தீர்கள், குறிப்பேட்டில் எழுதவில்லை.

கீழூரிலிருந்து கோவலன் கூத்து ஆடிய அண்ணாவியார், அதாவது கூத்து வாத்தியார், ஒருவர் மூன்று இரவும் சாக்குப் போட்டு இருந்து பார்த்தார். மன்மதன் எரிந்த பிறகு, “எங்கட ஆட்டம் மாதிரியே இல்லை” என்றார். பாட்டுக் கொப்பியைப் பிரதியெடுக்கக் கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா என்பதை இன்று சபைதான் தீர்மானிக்கவேண்டும்.

நிலுவையில் உள்ளவை: 23 வீடுகளுக்கு இன்னும் காணிப் பேர்மிட் வரவில்லை. பிரதேச செயலகத்துக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று, நாலாவது தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போடாதவர்கள் போகும்முன் போடவும்.

அண்டா. கூத்து இரவுகளில் சோறு காய்ச்ச இரவல் கேட்டோம், தந்தார்கள். இப்போது என் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு அவர்களுக்கு அது வேண்டும். நாமும் காவடியுடன் போகிறோம்தானே, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது கூட்டம் முடிந்ததும் என்னைக் காணவும்.