சுவர் காய்ந்த பிறகுதான் வண்ணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்ததும், புதுச்சேரியில் சுவரோவியம் வரையும் எங்கள் குழுவின் போன் ஓயாமல் அடிக்கும். தீபாவளிக்குள் கடை முகப்பு, கார்த்திகையில் கிரகப்பிரவேசம், டிசம்பர் கூட்டம் வருவதற்குள் விடுதி மதில் என்று ஆளுக்கொரு அவசரம். சுவரை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சதுர அடி என்ன விலை?" என்று கேட்கிறீர்கள். "நேரில் வந்து சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றால் சிலருக்கு மனவருத்தம். அது ஏன் என்று சொல்லிவிடுவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் லாஸ்பேட்டையில் ஒரு புது வீடு. சிமென்ட் பூச்சு முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாள் குறித்துவிட்டார்கள் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். கூடத்தில் பத்தடி உயரத்துக்குத் தோகை விரித்த மயில். எல்லோருக்கும் பிடித்திருந்தது. தை மாதம் அந்த வீட்டம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மயில்கழுத்து நீலம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. தொட்டால் விரலில் மாவு போல ஒட்டியது. நாக்கில் வைத்தால் கரித்தது. உப்பு பூத்துவிட்டது. எங்கள் செலவிலேயே சுரண்டி எடுத்து, காயவிட்டு, மறுபடி வரைந்து கொடுத்தோம். செலவு போனது போகட்டும். அந்த அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். பூச்சுக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது மணலிலும் தண்ணீரிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கலந்த பூச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுப் பூச்சில் வண்ணத்தைக் கெடுக்கும் காரத்தன்மையும் அதிகம். அதனால் 28 நாள் ஆகாத பூச்சில் நாங்கள் பிரஷ் வைப்பதில்லை. உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை எடுத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒன்று, தலைமட்டத்தில் ஒன்று என ஒட்டுங்கள். கீழே மட்டும் ஈரம் என்றால் அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. அதைக் கொத்தனார் சரிசெய்த பிறகுதான் எங்கள் வேலை.

இதனால்தான் அக்டோபர் முதல் பொங்கல் வரை வெளிச்சுவர் வேலை எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை நமக்கு அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்தபோது நனைந்த மதில்களில் சில, மாசி வரையிலும் உள்ஈரம் காயாமல் இருந்ததை நாங்களே பார்த்தோம். அந்த மாதங்களில் உள்சுவர் வேலை தாராளமாகச் செய்கிறோம்.

வைசியாள் வீதி போன்ற இடங்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரை. அது மூச்சு விடும் சுவர். ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். வழவழப்பாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமென்ட் பட்டி பார்த்து, அக்ரிலிக் எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயின்ட்) அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் காரையே பொரிந்து விழும். அங்கே சுண்ணாம்பில் காவி கலந்துதான் வரைவோம். பளபளப்பு கிடைக்காது. அந்த மங்கிய நிறம்தான் அந்த வீட்டுக்கு அழகு என்பது எங்கள் எண்ணம்.

மேற்கு பார்த்த சுவருக்குப் பளிச்சென்ற ரோஸும் எலுமிச்சை மஞ்சளும் கேட்டால் வேண்டாம் என்போம். அவற்றில் பல வெயிலுக்குத் தாங்காது. செங்காவி, மஞ்சள் காவி இரண்டும் இரும்பு ஆக்சைடு. வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. விழுப்புரம் மாவட்டம் பனமலைக் கோயிலில் குடையின் கீழ் நிற்கும் பார்வதியைப் போய்ப் பாருங்கள். ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியம். 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முகத்தில் நிறம் இருக்கிறது.

இனி விலை. இருநூறு சதுர அடிச் சுவர் என்றால், சுரண்டித் தேய்த்து, விரிசல் அடைத்து, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, நூலடித்துக் கட்டம் போடுவதற்கே நாலு நாள் போய்விடும். நீங்கள் பார்க்கும் படம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பன்னிரண்டு அடிக்கு மேல் போனால் சாரம் கட்டும் கூலி தனி. விலையில் தள்ளுபடி கேட்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறோம்: படத்தில் உருவங்களைக் குறைத்துத் தரலாம், பிரைமரையும் மேல்பூச்சையும் குறைக்க மாட்டோம். பணம் மூன்று தவணை: படம் முடிவானதும், சுவர் தயாரானதும், வேலை முடிந்ததும். ஒப்புக்கொண்ட படத்தில் இரண்டு முறை வரை திருத்தலாம். சுவரில் ஏறிய பிறகு மாற்றினால் தனிக் கணக்கு. வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

பதிப்புரிமை பற்றியும் கேட்கிறீர்கள். 1957 சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கூலி கொடுத்து வரையச் சொன்னவருக்கே ஓவியத்தின் பதிப்புரிமை. எங்கள் ஒப்பந்தத் தாளில் படத்தை எங்கள் வேலைக்கு மாதிரியாகக் காட்டிக்கொள்ள அனுமதி மட்டும் கேட்டிருக்கிறோம். பின்னாளில் சுவரை இடிக்க நேர்ந்தால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். வந்து கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம்.

பொங்கலுக்குப் பிறகான வெளிச்சுவர் வேலைக்கு இப்போதே பெயர் கொடுக்கலாம். கூப்பிடும்போது பூச்சு முடிந்த தேதியையும் சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் சொல்லுங்கள். பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்திருந்தால் அந்தப் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
சுவரோவியக் குழுவினர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி