உப்பளக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நூலகம் கட்டித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
உப்பளத் தொழிலாளர் குடியிருப்புப் பொதுமக்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகப்பட்டினம்.

பொருள்: எங்கள் குடியிருப்பில் சிறுவர் பகுதியுடன் கூடிய ஊர்ப்புற நூலகம் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உப்பளங்களில் கூலி வேலை செய்து பிழைக்கும் நாங்கள், எங்கள் பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து படிக்க ஊருக்குள்ளேயே ஒரு நூலகம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் தொழில் நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் இந்தத் தேவை விளங்கும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி வரப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பதால் ஆணும் பெண்ணும் விடியுமுன்பே பாத்திக்குப் போய்விடுகிறோம். வீட்டில் மூத்த பெண்பிள்ளைதான் தம்பி தங்கைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, பழைய சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டுத் தானும் பள்ளிக்கு ஓடுகிறாள். மாலையிலும் கைக்குழந்தை அவள் இடுப்பில்தான். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுபோகும். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் மறுபடி பாத்தி கட்டுவோம். இடைப்பட்ட மாதங்களில் அரிசிக்கே கடன் வாங்கும் வீடுகளில் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்குவது நடக்கிற காரியமல்ல.

தாய்க் கிராமத்தில் ஒரு பகுதி நேர நூலகம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். விடுமுறை நாளிலோ உப்பள வரப்புகளையும் ஓடையையும் தாண்டிச் சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்ப எங்களுக்குத் துணிவில்லை.

படிக்கும் ஆசை இல்லாத பிள்ளைகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ வரிசைச் சிறுநூல்களை எங்கள் பிள்ளைகள் அட்டை நைந்துபோகும் வரை படித்து, இப்போது பார்க்காமலே ஒப்பிக்கிறார்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்தவர்கள் உப்பு அள்ளிய வரலாற்றுக்கு அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. அந்தப் போராட்டத்தைப் பற்றி மேலும் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளையின் கையில் கொடுக்க இந்த ஊரில் ஒரு புத்தகம் கிடையாது.

நாங்கள் கேட்பது சலுகையும் அல்ல. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் எங்களிடம் வசூலிக்கப்படுகிறது. ஓட்டு வீட்டுக்கும் கீற்று வீட்டுக்கும் தொகை சிறிதுதான். ஆனாலும் ரசீதில் அது தனி வரியாக இருக்கிறது. இதே பழைய தஞ்சை மாவட்டத்தில், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் காலத்திலேயே, 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிருக்கிறது. அந்த வண்டி வந்த காலத்தைவிட இன்று சாலையும் நிதியும் கூடுதலாகவே உள்ளன.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை ஒட்டியுள்ள நத்தம் புறம்போக்கு மனையை இதற்கு ஒதுக்கலாம் என்று காந்தி ஜெயந்தி நாள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் கட்டலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதற்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். அன்றாடக் கூலியில் அந்தத் தொகையைத் திரட்டுவதென்றால் வட்டிக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தோ மாவட்ட நூலக ஆணைக்குழு நிதியிலிருந்தோ கட்டடம் கட்ட ஆணையிட வேண்டுகிறோம். மனையைத் திருத்துவதற்கும் மண் அடிப்பதற்கும் எங்கள் உழைப்பைத் தருகிறோம்.

கட்டடத்தைப் பற்றி, இங்கே வாழ்கிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்ததை மாவட்ட நிர்வாகம் நன்கு அறியும். எனவே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ இல்லாமல் கான்கிரீட் கூரையும், மழைநீர் ஏறாத உயரத்தில் தளமும் வேண்டும். வழக்கமாகத் தரப்படும் இரும்பு அலமாரி இந்த உப்புக் காற்றுக்குத் தாங்காது. அடித்தட்டு முதலில் துருப்பிடித்து உதிரும், கதவு இறுகிக்கொள்ளும், துருக்கறை நூல்களின் ஓரத்தில் ஏறிவிடும். மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன, கதவில்லாத, ஆறு வயதுப் பிள்ளைக்கும் கை எட்டும் தாழ்வான அடுக்குகளே எங்களுக்குப் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, கைக்குழந்தையோடு வரும் பெண்பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பாத நூலகமாக இது இருக்க வேண்டும். ஒரு மூலையில் பாய் விரித்து, படப் புத்தகங்களும் சில விளையாட்டுப் பொருள்களும் போட்டுவைத்தால் சின்னது அங்கே இருக்கும், மூத்தவள் அரைமணி நேரமாவது படிப்பாள். இந்த ஏற்பாடு இல்லையென்றால் பையன்கள் மட்டுமே வந்துபோகும் இடமாக அது ஆகிவிடும் என்று எங்கள் பெண்கள் கிராம சபையிலேயே அஞ்சினார்கள்.

அதேபோல நூலகம் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரையிலும், விடுமுறை நாள்களில் காலையிலும் திறந்திருக்க வேண்டும். பொறுப்பாளராக இதே குடியிருப்பில் படித்து முடித்த பெண் ஒருவரை விதிகளுக்குட்பட்டு அமர்த்தினால், நேரத்துக்குத் திறப்பதில் சிக்கல் வராது. போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு நாளிதழ்களும் வழிகாட்டி நூல்களும் ஓர் அடுக்கு அளவுக்கு இருந்தால் போதும்.

கட்டடம் எழும்வரை காத்திருக்காமல், பள்ளியின் பயன்படாத வகுப்பறை ஒன்றில் மாவட்ட மைய நூலகத்தின் நூல்களைக் கொண்டு இந்த மழைக்காலத்திலேயே தற்காலிகமாகத் தொடங்க மாவட்ட நூலக அலுவலருக்கு அறிவுறுத்துமாறும், மனையைப் பார்வையிட்டு அறிக்கை தர வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஆணையிடுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலும் வீட்டு வரி ரசீதுகளின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உப்பளத் தொழிலாளர் குடியிருப்புப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)