கண்ணால் குடிக்கிறவனுக்கு

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கால் கட்டைவிரல் வீங்கி, செருப்பு நுழையாமல், மருமகளின் ரப்பர் செருப்பில் பாதிப் பாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீ டாக்டரிடம் போன கதையைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். செல்வி முறைத்தாள். “பாவம் அண்ணன், வலியில துடிச்சிருப்பாரு, உங்களுக்குச் சிரிப்பு வருதா?” என்றாள். யூரிக் ஆசிட் ஒன்பதுக்கு மேலே போனவனுக்கு பீர் கிடையாது என்று டாக்டர் சொன்னது நியாயம்தான். ஆல்கஹால் இல்லாத பீர் குடித்தால் என்ன என்று ஒரு வக்கீல் கேள்வி கேட்டிருக்கிறாயே, அதுவும் தானியத்தையும் ஈஸ்டையும் வைத்துப் பண்ணுகிறதுதானடா. போதையை எடுத்தாலும், உடம்பில் யூரிக் ஆசிடாக மாறுகிற பியூரின் அதில் மிச்சம் இருக்கும். உன் விரலுக்கு அது போதும். எதற்கும் டாக்டரையே கேள், என் பேச்சை நம்பிக் குடித்துவிட்டுத் தங்கச்சியிடம் என்னை மாட்டிவிடாதே.

“நீ ஊர் ஊராகப் போய்க் குடித்ததையாவது எழுது, கண்ணால் குடித்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தாய். சரி, ஊற்றுகிறேன்.

முதல் பாட்டில் உனக்கும் எனக்கும் பொதுவானது. 1980. தருமபுரி கலைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். 1974-இல் மூடின மதுக்கடைகள் தமிழ்நாட்டில் இன்னும் திறக்காத காலம். தருமபுரியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் எல்லாம் தாண்டி, கர்நாடக எல்லைக்குள்ளே அத்திப்பள்ளியில் இறங்கினோமே, வீட்டில் என்ன பொய் சொன்னோம் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மறந்துவிட்டது. பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். மதுவிலக்கைத் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1937 அக்டோபர் 1-ஆம் தேதி கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லாதான். ஆக, முதலில் வாயைக் கட்டினது நம் மண்ணுக்குத்தான். கட்டினவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில். அவர் ஊர்ப் பக்கமாகவே பஸ்ஸில் போய், எல்லையைத் தாண்டி, நாம் இரண்டு பேரும் ஒரு கிங்ஃபிஷரை உடைத்திருக்கிறோம். கிழவர் மேலே இருந்து பார்த்திருப்பார்.

ருசி? நீதான் சொன்னாய், “வேப்பங்கொழுந்தைச் சோடாவில கசக்கின மாதிரி இருக்குடா” என்று. கடைக்காரனிடம் ஐஸ் இல்லை, பாட்டில் வெயிலில் கிடந்த சூடு. ஆளுக்கு அரை பாட்டில். அதற்குப் போய் ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை கொய்யா இலையை மென்று மென்று, நாக்கெல்லாம் துவர்த்து, இரண்டு நாள் சோறு ருசிக்கவில்லை.

அப்புறம் 1981-இல் நம் பக்கமே கடை திறந்தது. ஒகேனக்கல் கதையை நான் எழுதக்கூடாது என்று நீ எழுதாமலே தெரியும். ஆனாலும் எழுதுவேன். ஆறு பாட்டில். கூலிங் வேண்டும் என்று உன் அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த புதுத் துண்டில் கட்டி, முனையைப் பாறையில் செருகி, காவிரியில் இறக்கினாய். “ஆத்துத் தண்ணிதான் அசல் பிரிட்ஜு” என்றாய். மீனை வாங்கிக் கொடுத்து, அந்த அம்மா மசாலா தடவிப் பொரித்து, வாழை இலையில் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் துண்டும் இல்லை, பாட்டிலும் இல்லை. பரிசல்காரர் ஒருத்தர், “தேடாதீங்க தம்பி, அது இந்நேரம் மேட்டூருக்குப் போயிட்டிருக்கும்” என்றார். அந்த மீனை வெறும் தண்ணீரோடு தின்றோம். அப்படி ஒரு மீன் அதற்குப் பிறகு நான் தின்றதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊர் பீரைப் பற்றி ஒரு குறை எனக்கு உண்டு. நாம் பீரைக் குடிப்பதே இல்லை, ஏற்றிக்கொள்கிறோம். கடையில் போய் நின்றால் முதல் கேள்வி “கூலிங் இருக்கா?”, இரண்டாவது “ஸ்ட்ராங் இருக்கா?”. இந்த நாட்டில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான், எட்டு சதவீதம் வரை போகிறது. கொடுத்த காசுக்கு ஏற வேண்டும் என்கிற கணக்கு. கூலி வேலை செய்து களைத்து வருகிறவனை நான் குறை சொல்லவில்லை, அவன் கணக்கு அவனுக்கு. ஆனால் பல் கூசுகிற அளவு ஜில்லென்று குடித்தால் நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியாது. ருசி தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் குடிக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

நுரை விஷயமும் அப்படித்தான். தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு பப்பில் நீ சண்டை போட்டாயே, “கால்வாசி நுரையை ஊத்தி ஏமாத்துறியா?” என்று. நானும் உன் பக்கம்தான் நின்றேன். ஜெர்மனியில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கிளாஸிலேயே அளவுக் கோடு போட்டிருக்கிறான். பீர் அந்தக் கோடு வரை நிற்க வேண்டும், நுரை அதற்கு மேலே. நம் எடைக்கல்லில் முத்திரை குத்துகிற மாதிரி. நுரைதான் வாசத்தைப் பிடித்து வைக்கிறது, பீரைக் காற்றுப் படாமல் மூடுகிறது. ஊற்றும்போது கொஞ்சம் காஸ் வெளியேறாவிட்டால் அது வயிற்றுக்குள் போய்த்தான் கிளம்பும். நாம் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரை கட்டாமல் ஊற்றுகிறவனைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜெர்மனி போனது கல் வியாபாரத்துக்கு. நான் கிரானைட் கம்பெனியில் ஏற்றுமதி பார்த்துக்கொண்டிருந்த காலம் உனக்குத் தெரியும். நியூரம்பெர்க்கில் கல் கண்காட்சி. நாள் முழுக்க பாலிஷ் போட்ட சாம்பிள் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம் பக்கத்துக் கறுப்புக் கல்லை அந்த ஊர்க்காரர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள், எல்லாம் கல்லறைக்கு. கடைசி நாள் எங்களிடம் கல் வாங்குகிற ஒருத்தர், “பாம்பெர்க் போய்ப் பார்க்காமல் ஊருக்குப் போகாதே” என்றார். ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

பழைய ஊர். ஆறு, கல் பாலம், மேட்டில் சர்ச். அதற்குக் கீழே ஷ்லெங்கெர்லா என்று ஒரு பீர்க்கடை, 1405-லேயே அந்த இடத்தைப் பற்றிப் பேச்சு இருக்கிறதாம். அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். முன்னொரு காலத்தில் கடை முதலாளி கையைக் காலை வீசி ஆடியாடி நடப்பாராம், அதை வைத்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர். நம் ஊரிலும் அப்படித்தானே, கடைக்கு போர்டில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர்!

உள்ளே போனால் உத்தரமெல்லாம் கறுத்த மரம். மரப் பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸில் பிடித்துக் கொடுத்தார்கள். நிறம் நம் கடுங்காப்பி மாதிரி. வாயில் வைத்தேன், மாணிக்கம், எங்கள் அம்மாவின் அடுப்படி வந்து நின்றது. பொய் சொல்லவில்லை. மழை நாளில் ஈர விறகை வைத்துவிட்டு, ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, களி கிண்டுவார்களே, அந்தப் புகை. அந்தக் களியில் ஒரு புகை வாசம் ஏறியிருக்கும், “அடி பிடிச்சுருச்சா?” என்று அப்பா கேட்பார். அதே வாசம் பீரில்.

அது எப்படி என்று கேட்பாய். பீருக்கு மூலம் மால்ட். நம் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ராகி மால்ட் இருக்கிறதே, அதே வேலைதான். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீள்வதற்குள் காயவைப்பது. நாம் ராகியை வெயிலில் காயவைக்கிறோம், அங்கே வெயிலுக்கு எங்கே போவார்கள்? அந்தக் காலத்தில் பார்லியை விறகு நெருப்பிலேயே காயவைத்தார்கள், எல்லா பீரிலும் கொஞ்சம் புகை இருந்தது. பிறகு புகை படாமல் சூடான காற்றில் காயவைக்கிற உலை வந்ததும் உலகமே புகையை விட்டுவிட்டது. இந்த ஊரில் இரண்டொரு பேர் மட்டும் பீச் (beech) மர விறகை விடாமல் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான், நம் ஸ்ட்ராங்கோடு பார்த்தால் குழந்தை.

அங்கே தனி டேபிள் என்று கிடையாது, காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான். எதிரில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முதல் கிளாஸ் பிடிக்காது, மூணாவதில்தான் பிடிக்கும்” என்று கையால் கணக்குக் காட்டினார். எனக்கு முதலிலேயே பிடித்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஊதாங்குழலுக்கு ஜெர்மனில் என்ன? பேசாமல் மூன்றும் குடித்தேன். அவருக்குத் தன் கணக்கு ஜெயித்த சந்தோஷம்.

சிங்கப்பூரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியாவில் டைகர் குடித்தேன், வியர்வைக்கு நன்றாக இருந்தது. ராத்திரி பத்தரைக்கு மேல் வெளியிடத்தில் குடிக்கக்கூடாது என்று சட்டம், நல்ல பிள்ளையாக ரூமுக்குப் போய்விட்டேன். பெங்களூரில் என் மகன் கூட்டிக்கொண்டு போன இடத்தில் கடைக்குள்ளேயே பீர் காய்ச்சுகிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய செம்பு அண்டா. அங்கே கோதுமை பீர் ஒன்று, மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த ஏலக்கி வாழைப்பழ வாசம். “எசென்ஸ் போட்டிருக்கான்” என்றேன். “இல்லப்பா, அந்த ஈஸ்டு வகைக்கே அந்த வாசம்” என்றான் மகன். கேட்டபோது கடைக்காரரும் அதையே சொன்னார். விலையைப் பார்த்ததும் வாழைப்பழமே வாங்கித் தின்றிருக்கலாம் என்று தோன்றியது, அவனிடம் சொல்லவில்லை.

இத்தனையிலும் ஒன்றை எடு என்றால் நான் எடுக்கிறது பாட்டிலில் வருவதே இல்லை.

சிக்கிம் போனோமே, செல்வியும் நானும், ரிட்டயர் ஆன வருஷம். அங்கேயும் பாட்டில் பீர் உண்டு, நம் இந்திப் பட வில்லன் டேனி டென்சோங்பாவின் குடும்பம் 1987-இல் ஆரம்பித்த பீர் கம்பெனி. அதையும் ஒன்று பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் பெல்லிங்கில் நாங்கள் தங்கின வீட்டு அம்மா சாயங்காலம் குளிருக்கு ஒரு மூங்கில் குவளையைக் கொண்டுவந்து வைத்தார்கள். குவளை நிறையத் தானியம். அதன் மேலே கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, ஒரு மூங்கில் குழாயைச் செருகி, கொஞ்ச நேரம் பொறு என்று சைகை காட்டினார்கள். தோங்பா என்று பெயர். செல்வி குவளைக்குள் இரண்டு விரலை விட்டு நாலு மணியை எடுத்தாள். விளக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் நசுக்கினாள்.

“என்னங்க, இது நம்ம ராகிங்க!”

ராகியேதான் மாணிக்கம். நீயும் நானும் களி உருண்டையாக விழுங்கி வளர்ந்தோமே, அதே ராகி. அதை அரைக்காமல் முழுசாக வேகவைத்து, ஆறவிட்டு, மர்ச்சா என்று ஒரு பொடியைத் தூவிப் புளிக்க வைக்கிறார்கள். நம் தோசை மாவைப் புளிக்கவிடுகிற மாதிரிதான், நாள் மட்டும் அதிகம். குழாயின் அடிமுனையைக் கீறிச் சல்லடை மாதிரி பண்ணியிருக்கிறார்கள், தானியம் வாய்க்கு வராது. உறிஞ்சினால் இளஞ்சூடாக, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, கடைசியில் பழைய களியைக் கரைத்த நீராகாரத்தின் வாசம். தண்ணீர் தீர்ந்ததும் அதே ராகியில் திரும்ப வெந்நீர். ருசி போகும் வரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரு குவளை மூன்று மணி நேரம் ஓடியது. அத்திப்பள்ளியில் நாம் அரை பாட்டிலை மூன்று நிமிஷத்தில் முடித்தோம்.

செல்வி குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க அத்தை இதை ஊதினாங்க, இவங்க உறிஞ்சுறாங்க.” பிறகு என்னைப் பார்க்காமல் ஒரு வாய் உறிஞ்சினாள். அதற்குப் பிறகு எத்தனை வாய் என்று நான் எண்ணவில்லை. இதை ஊரில் எவனிடமும் சொல்லாதே.

வரும்போது அந்தக் குவளையும் குழாயும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அலமாரியில், சாமி படத்துக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் நீ கட்டாயம் வர வேண்டும். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும், ரோடெல்லாம் வாசம். கீற்றுப் போட்டு உப்பு மிளகாய்த்தூள் தடவி வைக்கிறேன். அந்த மூங்கில் குவளையில் உனக்கு ராகிக் கூழ் ஊற்றலாம் என்று நினைத்தேன், கரைத்துப் பரீட்சையும் பண்ணிப் பார்த்தேன். குழாய் அடைத்துக்கொண்டது, செல்வி அரை மணி நேரம் ஈர்க்குச்சியால் குத்திக் கழுவினாள், இன்னும் திட்டுகிறாள். அதனால் உனக்கு மோர்தான்.

மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கோவிந்தன்

பி.கு.: அந்தக் கல்யாணத் துண்டு எங்கே போனது என்று உன் அண்ணனிடம் இன்றைக்கு வரை என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? போன வாரம் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், அவரே பேச்செடுத்தார். நான் சாம்பாரைக் கேட்டுச் சமாளித்துவிட்டேன்.