காப்பி குடிச்சாச்சா பிள்ளே?

குலசேகரம்,
ஆனி மாதத்து மழைக்காலை

அன்புள்ள பிள்ளே,

நீ கூரியரில் போட்ட காப்பிப் பொடி வந்து மூன்று வாரம் ஆகிறது. பொட்டலத்தை என் கையில் தரும்போதே அந்தப் பையன், "டீச்சர், வண்டி முழுக்க மணக்குது" என்றான். அரைக் கிலோ எதற்கு, வீட்டில் காப்பி குடிப்பது நான் ஒருத்திதானே, அவர் சாயா ஆள் ஆயிற்றே என்று உன்னைத் திட்டினேன். இப்போது பார்த்தால் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கிறது. அதெல்லாம் எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கெடுத்துவிடுவாய்.

1983-ல் ஓண விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? விடியற்காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணன் கடையில் ஒரு காப்பி வாங்கித் தந்தான். வீட்டுப் படி ஏறியதும் அம்மை, "காப்பி குடிச்சாச்சா பிள்ளே?" என்றாள். நீயும் மரியாதையாக, "குடிச்சாச்சும்மா" என்றாய். அவ்வளவுதான். உனக்கென்று எடுத்து வைத்திருந்த புட்டும் பயறும் பப்படமும் மூடியபடியே இருந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் காப்பி குடிப்பது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது என்று உனக்கு யார் சொல்லித் தருவது? மதியம் வரை பசியோடு கிடந்துவிட்டு, ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் சொன்னாய். பஸ்ஸின் பலகையில் காப்புக்காடு என்ற ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, அங்கே காப்பித் தோட்டம் இருக்கா என்று கேட்டதும் அதே பயணத்தில்தான்.

போன மாதம் நீ, "உங்க ஊர்க் காப்பி கருப்பட்டித் தண்ணிதானே" என்று சிரித்தாய். அந்த வாய்க்குப் பரிகாரமாகத்தான் பொடி அனுப்பியிருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் பதில் சொல்லாமல் விட மாட்டேன்.

எங்கள் விளைத் தோட்டத்தில் பலா மரத்து மூட்டில் நாலு காப்பிச் செடி நின்றது. ரொபஸ்டா என்று அதற்கொரு பெயர் உண்டென்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கோடை மழை ஒன்று நன்றாக நனைத்துவிட்டால் பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளைப் பூ. பிச்சிப்பூ மாதிரி வாசம். மார்கழி, தை மாதங்களில் பழம் பறித்துப் பாயில் உலர்த்தி, உரலில் இடித்துப் புடைத்து, ஓட்டுச் சட்டியில் அம்மை வறுப்பாள். கொட்டை கருக்கும் நேரத்தில் ஒரு பிடி வெந்தயமும் ஒரு துண்டு சுக்கும் போடுவாள். அந்தப் பொடியும் கருப்பட்டியும் சேர்ந்ததுதான் எங்கள் கடுங்காப்பி. மரப்பட்டி ராத்திரி பழம் தின்றுவிட்டு மதில்மேல் கொட்டையாகப் போட்டு வைத்திருக்கும். அதை அம்மை மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்குமாற்றால் தள்ளுவாள். இன்றைக்கு அதையே கழுவி வறுத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்களாம். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

இன்னொன்றும் கேள். இந்த அசம்பு மலையில் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய, காப்பிச் செடியைத் தாக்கும் இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் விட்டு வைக்கவில்லை. இன்று நாங்கள் ரப்பருக்கும் கிராம்புக்கும் நடுவில் வாழ்கிறோம். ஆக, காப்பி எங்களுக்கு அந்நியம் இல்லை. தஞ்சாவூர்க்காரி நீ கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

சரி, உன் பொடிக்கு வருகிறேன். இதுவரை கடையில் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். காப்பி 53, சிக்கரி 47. சட்டப்படி காப்பி 51 சதவீதம் இருந்தால் போதுமாம். இத்தனை வருஷமாகப் பாதிக்குப் பாதி சிக்கரி வேரைக் குடித்திருக்கிறேன்! நீ அனுப்பியது 80-க்கு 20. முதல் நாள் பழைய கணக்கிலேயே போட்டேன், டிகாஷன் நிறமில்லாமல் இறங்கியது. சிக்கரிதான் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது போலிருக்கிறது. அது குறைந்தால் பொடியைக் கூட்ட வேண்டும், கொஞ்சம் அமுக்கியும் விட வேண்டும். இப்போது கை பழகிவிட்டது. கொதித்த தண்ணீரை ஒரு நிமிஷம் ஆறவிட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அது உப்பி வந்ததும் மிச்சத்தை ஊற்றுகிறேன்.

மழை நாளில் ரப்பர்ப் பால் வெட்டு கிடையாது. அவரும் எழுந்திருக்க மாட்டார். ஓட்டில் மழை விழுகிற சத்தமும் பில்டர் சொட்டுகிற சத்தமும்தான். கடுங்காப்பி, வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே குடித்துவிட்டுப் போவதற்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய காலத்தில் நானும் அப்படித்தான் குடித்தேன். இதை நின்றுகொண்டு குடிக்க முடியவில்லை, பிள்ளே. படிப்புரைத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுகிறேன்.

கருப்பட்டியையும் விடவில்லை. கொதிக்கிற பாலில் போட்டேன், திரிந்துபோயிற்று. பிறகு கருப்பட்டியைத் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி வைத்துக்கொண்டேன். பால் சற்று ஆறியதும் கலந்தால் வம்பில்லை. அதைவிட நன்றாக வந்தது இன்னொன்று: டிகாஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, தேங்காயின் தலைப்பாலில் நாலு கட்டி போட்டு, அந்தக் கருப்பட்டிப் பாகும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் சேர்த்தேன். கரையக் கரைய நிறம் மாறும். தலைப்பாலைச் சுட வைக்காதே, பிரிந்துவிடும். கூட இரண்டு மட்டி வாழைப்பழம் இருந்தால் மதியச் சாப்பாடே வேண்டாம்.

பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ திட்டப்பணி. குளச்சல் போரில், 1741-ல், டச்சுப் படைத்தலைவர் டிலனாய் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்ததாக ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். பழைய காகிதம் மாதிரியும் தெரிய வேண்டுமாம். டிகாஷனைப் பஞ்சில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டோம். உதயகிரிக் கோட்டைக்குள் கிடந்து எடுத்தது போலவே இருந்தது. டச்சுக்காரர்கள் 1696-லேயே நம் மலபாரிலிருந்து ஜாவாவுக்குக் காப்பிக் கன்று கொண்டு போனவர்கள்தானே, டிலனாயின் கடிதத்தில் காப்பிக் கறை இருந்தால் தப்பில்லை என்றேன். "ஆச்சி, பாடம் எடுக்காதீங்க" என்று ஓடிவிட்டான்.

டிகாஷன் இறங்கிய பிறகு மிஞ்சும் காப்பிச் சக்கையையும் வீணாக்குவதில்லை. குளச்சல் சாளை மீன் வாங்கிக் கழுவிய கையில் ஒரு பிடி சக்கையைத் தேய்த்துக் கழுவிப் பார், வாடை போய்விடும். காயவைத்துக் கிண்ணத்தில் போட்டு பிரிட்ஜுக்குள்ளும் வைத்திருக்கிறேன்; ஈரத்தோடு வைத்தால் பூசணம் பூக்கும். மருமகள் மருதாணிப் பொடியை டிகாஷனில்தான் குழைக்கிறாள். நான் செய்த மடத்தனம் இரண்டு. ஒன்று, சக்கையைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றி அடைத்துக்கொண்டது. இன்னொன்று, செடிக்கு நல்லது என்று நல்லமிளகுக் கன்றுகளின் மூட்டில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டது. அது காய்ந்து அடை மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. மூன்று கன்று போயிற்று. இப்போது சருகோடு கலந்து மக்கவிட்டுத்தான் போடுகிறேன்.

பிரஷர் பார்க்கிற டாக்டர், நாளுக்கு இரண்டு போதும் என்றார். முதல் வாரம் சாயந்திரம் ஆறு மணிக்குக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் விட்டத்தை எண்ணினேன். குடித்த கஃபைனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகுமாமே! பழைய பாக்கெட்டில் சிக்கரி பாதி; அதில் கஃபைனே கிடையாது. அதனால்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது மூன்று மணிக்கு மேல் தொடுவதில்லை.

ஓணத்துக்கு வருகிறேன் என்றாயே, மறக்காமல் ஒன்று வாங்கி வா. பில்டருக்குள் பொடிமேல் வைக்கும் குடையைப் பேரன் பம்பரம் என்று சுற்றி எங்கேயோ தொலைத்துவிட்டான். இங்கே கடையில் குடை மட்டும் தர மாட்டார்களாம், முழு பில்டரையும் வாங்கு என்கிறார்கள். அதுவரை கரண்டியின் முதுகில் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறேன். என் பில்டரின் வாய் இரண்டே முக்கால் அங்குலம். நூல் வைத்து இரண்டு தடவை அளந்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி