2027 மார்ச் 17 என்ற அந்தத் தேதியைக் கைவிடுங்கள்

கனடிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

கருணைக்கொலைச் சட்டம் எப்படி விரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றீர்கள், 2021இல் அந்த வரம்பை எடுத்தீர்கள், 2027 மார்ச் 17 முதல் மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கும் அனுமதி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இனி தள்ளிப்போட வேண்டாம், அடியோடு கைவிடுங்கள்.

2022 டிசம்பரில் கிறிஸ்டின் கோத்தியே உங்கள் குழு முன்னாலேயே வந்து பேசினார். முன்னாள் ராணுவ வீராங்கனை, பாராலிம்பிக்கில் போட்டியிட்டவர். வீட்டில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க ஒரு மின்தூக்கி பொருத்தித் தாருங்கள் என்று ஐந்து வருடமாகக் கேட்டிருக்கிறார். அது வரவில்லை, வேண்டுமானால் சாக உதவுகிறோம் என்று அதிகாரி ஒருவர் சொன்னதாகச் சாட்சியம் சொன்னார். அன்றைய பிரதமரும் இதை ஏற்கவே முடியாது என்றார். சரி, அப்புறம் என்ன மாறியது? 2023இல் மட்டும் 15,343 பேர் இந்த வழியில் இறந்திருக்கிறார்கள், நாட்டின் மொத்த இறப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து.

ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, போரில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர், இரவில் தூங்குவதே இல்லை. குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து மாதக்கணக்காகியும் மனநல மருத்துவரிடமிருந்து தேதி வரவில்லை. சாவு நெருங்காதவர் கருணைக்கொலை கேட்டால் ஆராய்வதற்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலம் 90 நாள். வைத்தியத்துக்குக் காத்திருக்கும் காலம் அதைவிட நீளமாக இருக்கும் நாட்டில் இதை மனிதரின் தெரிவு என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்? சாக நினைப்பவர்களைக் காப்பாற்ற 2023 நவம்பரில் 988 என்ற எண்ணை இதே அரசுதான் தொடங்கியது. இரவு அந்த எண்ணில் வாழச் சொல்லிவிட்டு, பகலில் சாவுக்கான விண்ணப்பத்தை வாங்குவதா?

இது கனடாவோடு நிற்கவும் இல்லை. பிரிட்டனின் மக்களவையிலும் 2025 ஜூனில் 314க்கு 291 என்று இப்படி ஒரு மசோதா தேறியது, அங்கே மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்கிறார்கள், நாமும் அப்படித்தான் ஆரம்பித்தோம். தனிமனிதரின் விருப்பமே எல்லாம் என்று சொல்லிச் சொல்லி, முடியாதவரைத் தாங்க வேண்டியது குடும்பமும் ஊரும் அரசும்தான் என்பதை மேற்குலகம் மறந்துகொண்டு வருகிறது. பழமைவாதிகள் என்று எங்களைத் தள்ளிவிடாதீர்கள். 2025 மார்ச்சில் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவே, மரணம் நெருங்காதவர்களுக்கான வழியை நீக்கச் சொன்னது.

மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்குக் கருணைக்கொலையைத் தடைசெய்ய உறுப்பினர் எட் ஃபாஸ்ட் கொண்டுவந்த மசோதா 2023 அக்டோபரில் 167க்கு 150 என்று தோற்றது. வெறும் 17 வாக்கு வித்தியாசம். 2025 ஜூனில் உறுப்பினர் தமரா ஜான்சன் கொண்டுவந்த சி-218 மசோதா, அதே தடையை மறுபடியும் கேட்கிறது. கட்சிக் கட்டளையைப் பார்க்காமல், உங்கள் தொகுதியில் வைத்தியத்துக்குக் காத்திருப்பவர்களை நினைத்து அதை ஆதரியுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோ வாக்காளர் ஒருவர்