சார்ல்ஸ்டனிலிருந்து தங்கச்சிக்கு

சார்ல்ஸ்டன், தென் கரோலினா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். என்னைப் போலவே அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்கு உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று நீ சொல்லும்போது பின்னால் அம்மா அழுவது கேட்டது. அம்மாவிடம் சொல்: நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், லீவு நாளில் ரசம்கூட வைக்கிறேன். போனில் பேசினால் நீ ஒரு கேள்வி, அம்மா ஒரு கேள்வி, அப்பா எட்ட இருந்து ஒரு கேள்வி என்று போய், பாதியிலேயே என் வேலை நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை அலமாரியில் வைத்துக்கொள். ஒவ்வொரு தாளும் கைக்கு வரும்போது எடுத்துப் பார்.

ஜே-1 என்பது இப்படிப் பயிற்சிக்கு வருபவர்களுக்கான விசா. அதற்கு டிஎஸ்-160 என்ற விண்ணப்பம் நீயே இணையத்தில் நிரப்புவது. டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்று, உன் பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் நிறுவனம் கொடுப்பது. அது கையில் இல்லாமல் தூதரகத்துக்குப் போய்ப் பயனில்லை. இன்னொன்று டிஎஸ்-7002, பயிற்சித் திட்டம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவது இந்தத் தாளில்தான். நானும் அப்படித்தான் போட்டேன்.

தாத்தா சொன்னது உனக்கு நினைவிருக்கும். ரப்பர் தோட்டம் கைமாறிய வருஷம் ஆபீசில் நீட்டிய தாளில் அவர் கைநாட்டு வைத்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் டிப்ளோமா வரைக்கும் படித்தவள். படிக்கத் தெரிந்தும் படிக்காமல் போட்டேன் பாப்பா, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தாளில் எந்தப் பிரிவில் எத்தனை மாதம், அங்கே என்ன கற்றுக்கொள்ள வேண்டும், யார் கற்றுத்தருவார், எப்படி மதிப்பிடுவார்கள், எல்லாம் இருக்கும். ஹோட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இன்டர்ன்ஷிப் என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாற்றி மாற்றிப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. எனக்கு ஹவுஸ்கீப்பிங், அதாவது அறைகளைச் சுத்தம் செய்வது, நான்கு மாதம், விருந்தினரை வரவேற்கும் முன்மேசை நான்கு, விருந்து மண்டபம் நான்கு என்று எழுதியிருந்தது. ஐந்தாம் மாதம் முடிந்தது, நான் இன்னும் அறைகளில்தான் இருந்தேன். கேட்டால், ஆள் பற்றவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். ஓர் இரவு தூக்கம் வராமல் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். பயிற்சியின் நடுவில் ஒரு மதிப்பீடு உண்டு. அதில் நடந்ததை அப்படியே எழுதி, திட்டத்தின் பக்கத்தையும் சேர்த்து ஸ்பான்சருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கை நடுங்கியது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. அவர்கள் ஹோட்டலுக்குப் போன் செய்தார்கள். இரண்டு வாரத்தில் முன்மேசைக்கு மாற்றினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை.

அறை வேலையைக் கேவலமாக நினைத்துச் சொல்கிறேன் என்று எண்ணாதே. காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் யாருக்கு எந்த அறை என்று வாசிப்பார். முதல் நாள் எனக்கு, தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதாக அம்மா சொல்லும் பெரட்டுதான் கண்ணில் வந்தது. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. மெத்தை விரிப்பின் மூலையை மடிக்கும் பக்குவம், குளியலறையில் எதை முதலில் துடைப்பது, எதைக் கடைசியில் என்ற ஒழுங்கு, இதெல்லாம் வகுப்பில் படித்ததை விடப் பத்து மடங்கு. ஆனால் அதை நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மீதி நாள் எனக்குச் சேர வேண்டிய நாள்.

கோலாலம்பூர் நேர்முகத்துக்கு, ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தூதரகத்துக்கு, முதல் நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கிக்கொள். காலை இரயிலை நம்பிச் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பாதே. நான் மனப்பாடம் செய்த எதையும் அந்த அதிகாரி கேட்கவில்லை. பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பி என்ன செய்வாய் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். உரிமைகள் பற்றிய ஒரு சிறு கையேடு கொடுப்பார்கள். கடப்பிதழை உன்னிடமிருந்து யாரும் பறித்து வைக்கக்கூடாது என்றும், உதவிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்றும் அதில் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே.

பணம். நான் கட்டியபோது செவிஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவுக்கான கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர். கூடியிருக்கலாம், தூதரகத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள். ஏஜெண்ட் கேட்கும் தொகையில் எது எதற்கு என்று பிரித்து எழுதி ரசீது வாங்கு. அது வராமல் அப்பா கடன் எடுக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். இங்கே வந்ததும், சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் விசாவில் வந்தவர்களுக்குச் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற ஓய்வூதிய, மருத்துவ வரியாக 7.65 விழுக்காடு பிடிக்கக்கூடாது. வருமான வரி மட்டும் பிடிப்பார்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒரு கறுப்பினத்து அம்மா, நம் பாட்டி வயசு, எந்த ஊர் என்று கேட்டார். பிளான்டேஷன் ஊர், என் குடும்பமே பிளான்டேஷன் குடும்பம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அடிமைகளை வைத்து நெல் விளைத்த பண்ணைகள் அவை. 1865 வரைக்கும் அப்படித்தான். இப்போது விருந்தினர்கள் என்னிடம் வழி கேட்டுச் சுற்றிப்பார்க்கப் போகிறார்கள். நம் பாட்டனார், ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறி வந்ததையும், பால் மரத்தையும், லயத்தையும் நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும், அவரிடமும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த லீவு நாளில் 2023-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறையின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது அவர் வீட்டில் வெண்டைக்காயும் சோறும் சாப்பிட்டோம். இங்கேயும் சோறு தின்கிற மக்கள்தான் பாப்பா. காலையில் சோளக் குருணையைக் கஞ்சி மாதிரிக் கிண்டி இறால் போட்டுத் தருவார்கள், உனக்குப் பிடிக்கும்.

கறுப்புச் சப்பாத்து இரண்டு ஜோடி, பழகித் தேய்ந்ததாகக் கொண்டுவா; புதுசு காலைக் கடிக்கும். மிளகாய்த்தூள் மூட்டை கட்ட வேண்டாம், இங்கே இந்தியக் கடை இருக்கிறது. பாட்டி படம் ஒன்று கொண்டுவா, என்னுடையது மழையில் நனைந்துவிட்டது.

டிஎஸ்-7002 வந்ததும் கையெழுத்துப் போடாமல் என்னைக் கூப்பிடு. இப்போது சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம்; உனக்கு ஞாயிறு இரவு எட்டு என்றால் எனக்குக் காலை எட்டு. நீ வாசி, நான் கேட்கிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அக்கா